ஹாரன் அடித்தால் ஆள் வராத ஊர்

இலங்கைக்குப் போகிறவர்கள் கண்டியில் கோயில் பார்ப்பார்கள், கொழும்பில் கடல் பார்ப்பார்கள். நான் மனை விற்கப் போனேன். அதுவும் இலங்கை மனை அல்ல. தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பொட்டல் வெளியில் சிவப்புக் கற்களை நட்டு, ‘நகர்’ என்று பெயரும் வைத்திருக்கிறார்களே, அங்கே என் வீட்டை ஒட்டியிருக்கும் காலி மனை.

எங்கள் நகரில் வீடுகள் குறைவு, கற்கள் அதிகம். வீடுகள் பெருகினால் பஸ் விடுகிறோம் என்றார்கள் பஸ்காரர்கள். பஸ் வந்தால் வீடு கட்டுகிறோம் என்றார்கள் மனைக்காரர்கள். இரண்டு தரப்பும் சொன்ன சொல் மாறாதவர்கள். ஆகவே வீடும் இல்லை, பஸ்ஸும் இல்லை. தாளிக்கும் நேரத்தில் கடுகு இல்லை என்று தெரிந்தால், என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் சைக்கிளைப் பார்ப்பேன். சைக்கிள் டயரைப் பார்க்கும்படி சொல்லும். கடுகு வந்து சேரும்போது குழம்பு ஆறியிருக்கும், நாங்கள் இருவரும் கொதித்திருப்போம். கார் ஒன்று இருந்தால் இந்தக் கவலையெல்லாம் தீரும் என்பது நகர்வாசிகள் அனைவரின் ஏகோபித்த முடிவு. கார் வாங்கியவர்தான் யாருமில்லை.

நான் அந்த நகரின் கௌரவக் காரியதரிசி. ஆள் சேர்ப்பது என் கடமை. தெரிந்தவர்களெல்லாம் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடும் நிலைமை வந்தபோதுதான் என் சகலையின் நினைவு வந்தது. சோமசுந்தரம், என் மனைவியின் தங்கை ராஜத்தின் கணவர். இலங்கையில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா. “தங்கச்சி பக்கத்துல வந்துட்டா எனக்குப் பேச ஆள் கிடைக்கும்” என்றாள் மனைவி. கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் என்னோடு பேசிக்கொண்டிருப்பவள் அவள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. அவள் முறுக்கும் அப்பளமும் கட்டினாள். நான் வர்ணம் தீட்டிய மனைப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

தலவாக்கலை ரயிலடியில் சகலை காரோடு நின்றார். இது நான் எதிர்பாராதது. கிளாக்கர் கார் வைத்திருப்பது அந்த மலையில் யாருமே எதிர்பாராததுதான் என்று பிறகு தெரிந்தது. தோட்டத்து வெள்ளைக்கார உதவி மானேஜர், அதாவது சின்னத்துரை ஒருவர் சீமைக்கே திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போன கார். ஒரு பக்கத்துக் கண்ணாடி இறங்கும், ஏறாது. கதவு ஒன்றைச் சணல் கயிறு காத்துக்கொண்டிருந்தது. காரில் எல்லாவற்றுக்கும் வயதாகியிருந்தது. ஹாரன் மட்டும் வாலிபத்தோடு இருந்தது.

“நல்லாக் கேக்குதுல்ல சகலை? ரெண்டு மலைக்கு அந்தாண்ட கேக்கும்” என்றார், ஒரு வளைவில் அதை அமுக்கிக் காட்டி.

அந்தப் பக்கத்துச் சாலை நேராக எங்கேயும் போவதில்லை. எதிர் மலையில் கை நீட்டினால் தொடலாம் போல ஒரு கூரை தெரியும். அதைப் போய்ச் சேர மலையைச் சுற்றி, பள்ளத்தில் இறங்கி, பாலம் தாண்டி, மறுபடி ஏறி, அதே கூரையை மூன்று தடவை மூன்று கோணத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் சகலை ஹாரன் அடித்தார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஓர் அதிசயம் நடந்தது. முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்த ஜனங்கள் குடையை மடக்கினார்கள். தலைத்துண்டை எடுத்தார்கள். சாலையை விட்டு ஓரத்து வாய்க்காலான கானுக்குள் இறங்கி நின்றார்கள். நான் கும்பிட்டேன். தாம்பரத்தில் எனக்கு யாரும் குடை மடக்கியதில்லை. பலர் என்னைக் கண்டு விரித்திருக்கிறார்கள்.

“எனக்கு இவ்வளவு மரியாதையா?” என்றேன்.

“உங்களுக்கு இல்ல சகலை, ஹாரனுக்கு. இந்த ரோட்டுல துரைமார் கார்தான் வரும். பழக்கம்” என்றார். சொல்லும்போது மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு இருந்தது. மரியாதை ஹாரனுக்குத்தான் என்றாலும், ஹாரன் யாருடையது?

கிளாக்கர் வீடு ஒரு முகட்டில் தனியாக இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் ஒரு மடிப்பில், தேயிலை ஸ்டோர் இன்னொரு மடிப்பில், ஆபீஸ் அதற்கும் கீழே. துரை பங்களா எல்லாவற்றுக்கும் மேலே. யாரும் யாருக்கும் பக்கத்தில் இல்லை. எங்கள் நகரைத் திட்டமிட்டவர்தான் இதையும் திட்டமிட்டிருப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் வெயில் இருக்கிறது. இங்கே மலை இருக்கிறது. மற்றபடி வித்தியாசம் இல்லை.

மறுநாள் காலையில் தேங்காய் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும். அந்தக் குளிருக்கு அந்தச் சம்பலைக் கண்டுபிடித்தவர் மகான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், சகலை ஆபீசுக்குப் புறப்பட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஆபீஸ் கூரை காலுக்குக் கீழே தெரிந்தது. தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை நேராக அங்கே இறங்கியது. ஒரு வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம்.

“நடந்தே போகலாமே?”

“போகலாம். நடந்தா ‘கார் கெட்டுப் போச்சுங்களாய்யா’ன்னு கேக்கிறாங்க. ஆபீஸ் போறதுக்குள்ள பத்துப் பேருக்குப் பதில் சொல்லணும். அதுக்குக் காரே தேவலாம்.”

கார் மலையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நான் குறுக்கே இறங்கிப் போய் ஆபீஸ் வாசலில் அவரை வரவேற்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

பெட்ரோல் தலவாக்கலையில்தான் கிடைக்கும். போய்வர ஆகும் பெட்ரோல் போக மிச்சத்தில் மற்ற காரியங்கள். முடிவெட்டிக்கொள்ளக் கார். கோயிலுக்குக் கார். கொத்தமல்லிக்குக் கார். கார் வருவதற்கு முன்னால் கொத்தமல்லி எப்படி வந்தது என்று ராஜத்தைக் கேட்டேன்.

“நடந்துதான் அத்தான். ஞாயித்துக்கிழமை லயத்துப் பொம்பளைங்களோட குறுக்கால எறங்கிக் கடைக்குப் போவேன். போற வழியில யார் வீட்ல என்ன, எவ மாமியாளோட சண்டை போட்டா, எல்லாம் தெரிஞ்சிரும். இப்பக் கார்ல போறேன், வர்றேன். கொத்தமல்லி வருது. வேற ஒண்ணும் வரல.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “முத்தம்மான்னு ஒருத்தி. பெரியவன் பொறந்தப்போ ராப்பகலா என் கூடவே இருந்தவ. அவகிட்டப் பேசியே எவ்வளவு நாளாச்சு!”

எனக்கு இதுதான் சமயம் என்று பட்டது. தனிமையில் வாடும் மைத்துனி, பேச ஆளில்லாத அக்காள், நடுவில் ஒரு காலி மனை. சாயங்காலம் சகலை வந்ததும், தேநீரை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு மேசையில் படத்தை விரித்தேன். பச்சையில் பூங்கா, நீலத்தில் குளம், மஞ்சளில் மனைகள். குளத்தில் தண்ணீர் நீல மையில் மட்டுமே உண்டு என்பதைச் சொல்லவில்லை.

ராஜம் எழுந்து போய்த் தெருக் கதவைச் சாத்தினாள். தெருவே இல்லாத ஊரில்.

“அத்தான், கோவிச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் இதைச் சுருட்டி வைங்க.”

சகலை விளக்கினார். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்திய வம்சாவழியினர் எல்லாரும் இந்த நாட்டுப் பிரஜைகள்தானா என்ற கேள்வி வந்துவிட்டது. அவர் பிறந்தது றொசல்லைக்குப் பக்கத்து லயத்தில். படித்தது ஹட்டனில். இந்தியாவைப் பார்த்தது பெண் பார்க்க வந்தபோது ஒரு தடவை. ஆனாலும் குடியுரிமை வேண்டும் என்று விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். இப்போது விசாரணைக்கு ஹட்டனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புருஷன் பெண்சாதி இருவரும் வர வேண்டும். இங்கேயேதான் இருக்கப் போகிறோம், வேறு எங்கும் போகிற எண்ணம் இல்லை என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் விண்ணப்பக் கட்டை மூடி வைத்துவிடுவார்கள்.

“கிடைக்கலைன்னா?” என்றேன்.

“கிடைக்கலைன்னா நான் எந்த ஊர்க்காரனும் இல்ல. வேலையும் வீடும் தோட்டத்தோடது. நாளைக்கு எறங்குன்னா எறங்கணும். எறங்கி எங்க போறது?” என்றார். பிறகு மேசையைக் காட்டினார். “இந்த நேரத்துல நான் மெட்ராசுல மனை பாக்கிறேன்னு யார் காதுலயாவது விழுந்தா...”

நான் படத்தைச் சுருட்டினேன். பூங்கா, குளம் எல்லாம் உள்ளே போயின. இரண்டு ரயிலும் ஒரு கப்பலும் ஏறி, ஒரு மனிதனின் தலையில் கல்லைப் போட வந்திருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு இதமாக இல்லை. முறுக்கோடு நிறுத்தியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை மூடுபனியும் தூறலுமாக விடிந்தது. ராஜம் பட்டுப்புடவையில் இருந்தாள். சகலை கோட்டும் டையும். நானும் புறப்பட்டேன். வாய்தாவுக்குத் துணையாகப் போவதாக அவர்களிடம் சொன்னேன். ஹட்டனில் ஒரு துணிக்கடைக்காரருக்கு ஊரில் இடம் வாங்கும் ஆசை உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் படத்தையும் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். காரியதரிசியின் புத்தி அப்படி.

“முதல் பஸ்ஸுக்கு இப்பவே குறுக்கால நடந்தா பிடிச்சிரலாம்” என்றாள் ராஜம்.

“வாசல்ல கார் நிக்குது, பட்டுப்புடவையோட பஸ்ஸுக்கு நடக்கிறதா?” என்றார் சகலை.

அந்தத் தோட்டத்து ரோடு, மெயின் ரோட்டுக்கு இறங்குவதற்கு முன்னால் ஒரு பெரிய முகட்டில் ஏறுகிறது. கார் பாதி ஏற்றம் ஏறியது. அப்புறம் இருமியது. அப்புறம் யோசித்தது. அப்புறம் நின்றுவிட்டது. சகலை இறங்கி மூடியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடினார். எந்தக் காரையும் எல்லாரும் முதலில் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

“தள்ளி மேட்டைத் தாண்டிட்டாப் போதும் சகலை. அந்தப் பக்கம் முழுக்க இறக்கம். உருட்டியே மெயின் ரோட்டுக்குப் போயிறலாம். அங்க பஸ் உண்டு.”

அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் பின்னால் தள்ளினேன். என் உடம்பைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. கார் என்னைத் தள்ளாமல் இருந்ததே அதன் பெருந்தன்மை.

சாலைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் கம்பளி, இடுப்பில் சாக்குப் படங்கு, முதுகில் கூடை. இன்னும் கீழே சிலர் ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு உயிர் வந்தது.

“கூப்பிடுறேன் பாருங்க” என்று சகலை ஹாரனை அமுக்கினார்.

ரோட்டில் வந்தவர்கள் குடையை மடக்கிக் கானுக்குள் இறங்கிவிட்டார்கள். மலையில் இருந்த பெண்கள் சட்டென்று குனிந்தார்கள். அவர்களுடைய கைகளுக்கு ஒரு வேகம் வந்தது. நிரை நிரையாக அவர்கள் ரோட்டைவிட்டு உள்ளே உள்ளே போனார்கள்.

“கேக்கல போல” என்றார் சகலை. நீளமாக அடித்தார். கம்பளிகள் இன்னும் உயரத்துக்குப் போயின. விடாமல் அடித்தார். மலை காலியாகிவிட்டது. தேயிலையும் பனியும் மட்டும் இருந்தன. ஆபத்துக்கு அடித்த ஹாரன் அத்தனை பேரையும் விரட்டிவிட்டதைப் பார்த்துக்கொண்டு, சகலை கையை ஹாரன் மேலேயே வைத்தபடி உட்கார்ந்திருந்தார். டை மழையில் நனைந்து தொங்கியது.

“அடிக்க அடிக்க ஓடுறாங்க” என்றேன்.

“பேர் கூப்பிடுறப்போ நாம இல்லைன்னா...” என்றார் சகலை.

ராஜம் சணல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டைப் பார்த்து நின்றாள்.

“ஏ... முத்தம்மோவ்!”

இன்னும் இரண்டு அடி மேலே ஏறினாள்.

“முத்தம்மா! நாந்தாண்டி, ராஜம்! கேக்குதா?”

தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு கம்பளி முளைத்தது. “யாரது? கிளாக்கரம்மாவா? அங்கிட்டு என்னங்க பண்றீங்க மழையில?”

“கார் நின்னு போச்சுடி! தள்ளணும்!”

“கிளாக்கரய்யா காரா? அப்ப யாரு ஹாரன் அடிச்சது?”

“அவருதான் அடிச்சாரு!”

மலையெங்கும் சிரிப்பு. ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பளிகள் முளைத்தன. கூடைகளோடு சரிவில் இறங்கி வந்தார்கள். முத்தம்மா ராஜத்தின் வயதுக்காரி. மூக்குத்தியில் மழைத்துளி நின்றது. காரைச் சுற்றிவந்து பார்த்தாள்.

“கொன்னுபுட்டீங்களேய்யா. போன சின்னத்துரை இந்த ஹாரனை அடிச்சிக்கிட்டு வந்துதான் கூடையைக் கவுத்துக் கொட்டி, முத்தின எலை இருக்கு, அரைப் பேர் போடு, பாதிக் கூலிதான்னு கத்துவாரு. அந்தச் சத்தம் கேட்டா மூளைக்குப் போகுமுன்ன காலு ஓடுது.”

“இப்ப நான்தானே இதுல வர்றேன். உங்களுக்குத் தெரியாதா?” என்றார் சகலை.

“தெரியும்ங்க. ஆனா நீங்க கண்ணாடிக்கு அந்தாண்டல்ல இருக்கீங்க. முன்னாடி இந்த வழியா நடந்து வருவீங்க, ‘என்ன முத்தம்மா, இன்னைக்கு எம்புட்டு எடுத்த’ன்னு கேப்பீங்க. காரு ஒங்களை முழுங்கி ரெண்டு தீவாளி ஆச்சே!”

எல்லாரும் சிரித்தார்கள். சகலையும் சிரிக்க முயன்றார். அதற்குள் மேட்டிலிருந்து, கொழுந்தெடுப்பை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் குரல் வந்தது. “யாரு நிரையை விட்டு ரோட்டுக்கு எறங்கினது? ஒருத்திக்கும் பேர் கெடையாது!” அவரும் குடையோடு இறங்கி வந்தார், காரைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் இருந்த பெரிய கிளாக்கரைப் பார்த்தார், குடையை மடக்கினார். “நல்லாத் தள்ளுங்கம்மா, ஏன் மெதுவாத் தள்றீங்க?” என்று என்னையும் சேர்த்து அதட்டினார்.

தள்ளினார்கள். முதுகில் கூடையோடு, சிரிப்போடு. “இந்த மெட்ராஸ் அய்யா தள்றாரா, சாஞ்சிருக்காரா?” என்று ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது. இரண்டும்தான். கார் முகட்டைத் தாண்டியது. நானும் ராஜமும் ஓடிப் போய் ஏறினோம்.

அந்த இறக்கத்தை நான் மறக்கமாட்டேன். இன்ஜின் சத்தம் இல்லை. காற்றும் டயரும் மட்டும். மழை, மேலே ஏறாத கண்ணாடி வழியாக நேரே ராஜத்தின் பட்டுப்புடவை மேல் அடித்தது. நான் யோசிக்காமல் மனைப் படத்தை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தேன். அந்தப் படம் முதல் தடவையாக ஒருவருக்குப் பயன்பட்டது. வளைவு வந்ததும் சகலையின் கை பழக்கத்தில் ஹாரனுக்குப் போயிற்று.

“அதைத் தொட்டீங்க...” என்றாள் ராஜம்.

கை திரும்பி வந்தது.

மெயின் ரோட்டில் ஒரு பெட்டிக்கடை ஓரமாகக் காரைக் கிடத்திவிட்டு, பஸ்ஸை மறித்து ஏறினோம். நிற்க இடமில்லை. “முன்னாலே போங்க, முன்னாலே போங்க, மலை ஒன்றும் உள்ளே வரப் போவதில்லை” என்று கண்டக்டர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். சகலைதான் எனக்கு மொழிபெயர்த்தார். பயத்தில் அவர் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். மடியில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த சிங்கள அம்மாள் ஒருத்தி ராஜத்துக்கு நகர்ந்து இடம் கொடுத்து, கல்யாண வீட்டுக்கா என்று கேட்டாள்.

இல்லை, எங்களை இந்த நாட்டுக்காரர்கள் என்று எழுதிக்கொள்ளப் போகிறார்கள் என்றாள் ராஜம், அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில்.

அம்மாள் வியப்போடு கேட்டாளாம். “இத்தனை நாளாக எந்த நாட்டில் இருந்தாய் மகளே?”

ஹட்டனில் இறங்கி ஓடினோம். எங்களுக்கு முந்திய பேர் வரை கூப்பிட்டாயிற்று. வராந்தாவில் நின்று மூச்சு வாங்கி முடிக்கும் முன்னால் “சோமசுந்தரம்” என்ற குரல். சகலை ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார்.

கதவு திறந்தே இருந்தது. நான் வெளியே நின்று கேட்டேன். அதிகாரி கண்ணாடி போட்ட சிங்களவர். களைத்த முகம். ஆங்கிலத்தில்தான் பேசினார்.

“ஏன் இப்படி நனைந்திருக்கிறீர்கள்?”

“கார் நின்றுவிட்டது, ஐயா.”

“கார் வைத்திருக்கிறீர்களா? எதற்கு வாங்கினீர்கள்?”

சகலை தடுமாறினார். ராஜம் தமிழில் சொன்னாள். “இங்கயே இருக்கிறதுக்குத்தாங்கய்யா. ஊருக்குத் திரும்பிப் போறவங்க யாராவது இந்தக் காரை வாங்குவாங்களா?” மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வைத்தவர் நிமிர்ந்தபோது வாசலில் என்னைப் பார்த்துவிட்டார்.

“அது யார்?”

“என் மனைவியின் அக்காள் கணவர். மெட்ராசிலிருந்து வந்திருக்கிறார்.”

“ஓ! உங்களை அழைத்துப் போகவா?”

அறையில் ஒரு குளிர் பரவியது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கக்கத்தில் இருக்கும் சுருள் என்ன என்றார் அதிகாரி. நல்ல பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். மனை விற்கிறவனுக்குப் பொய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“ஐயா, எங்கள் ஊரில் என் வீட்டுப் பக்கத்து மனையை இவர் தலையில் கட்டுவதற்காக நான் வந்தேன். இவர் முழுசாகப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறார்.”

அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். விரித்தார். மழையில் பூங்கா குளத்துக்குள் கரைந்திருந்தது. குளம் என் வீடு வரைக்கும் வந்திருந்தது. எல்லா மனைகளும் ஒரே மஞ்சளாகிச் சமத்துவம் அடைந்திருந்தன.

“பஸ் எங்கே நிற்கும்?” என்றார் அதிகாரி.

“இனிமேல்தான் வரும், ஐயா.”

“கடை?”

“அதுவும்.”

அவர் சகலையைப் பார்த்தார். “ஏன் வாங்கவில்லை?”

சகலைக்கு அப்போதுதான் குரல் வந்தது. “பஸ்ஸும் கடையும் இல்லாத ஊரில் நான் ஏற்கெனவே இருக்கிறேன், ஐயா. இன்னொன்று எதற்கு? மேலும் இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இன்று காலையில் கார் தள்ளினார்கள்.”

அதிகாரி சிரித்ததை நான் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளரும் பார்த்தார். அவருக்கே தம் கண்ணில் நம்பிக்கை இல்லை. மேலும் சில கேள்விகள், சில கையெழுத்துகள். கடைசியில், தம் தரப்பில் ஆட்சேபம் இல்லை, பதிவுக்குச் சிபாரிசு செய்கிறேன் என்றார். என் படத்தையும் திருப்பிக் கொடுத்தார். “உங்களுக்கு இதில் அதிர்ஷ்டம் உண்டாகட்டும். ஆனால் வேறு எங்காவது” என்றார்.

வெளியே வந்து சகலை வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார். ராஜம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழை என்று சொன்னாள். மழை நின்றிருந்தது. எதிர்க்கடையில் ரொட்டியும் தேத்தண்ணியும் சாப்பிட்டோம். சகலை ஒரு ரொட்டியை முடித்துவிட்டு, தாம் எதைச் சாப்பிட்டோம் என்று என்னைக் கேட்டார். துணிக்கடைக்காரரை நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த மனையை அன்றைக்கு விற்றிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

கார் மறுநாள் ரிப்பேர்காரர் வரும்வரை பெட்டிக்கடையிலேயே கிடந்தது. நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, குறுக்குப் பாதையில் ஏறினோம். வழியில் யாரோ கேட்டார். “என்னங்கய்யா, கார் கெட்டுப் போச்சுங்களா?” “ஆமா” என்றார் சகலை, கூச்சமே இல்லாமல். கொழுந்தை எடை போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். ராஜத்தின் கையில் வெறுங்கூடை ஒன்று எப்படியோ வந்துவிட்டது. விஷயம் கேட்டதும் முத்தம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

“உங்க விசாரணை என்னாச்சு முத்தம்மா?” என்று கேட்டார் சகலை.

“அது போன வருசம் வந்துச்சுங்க. பஸ்ஸுல எடமில்ல. நானும் அவரும் நடந்துட்டோம். போய்ச் சேர்றதுக்குள்ள பேரைக் கூப்பிட்டுத் தாண்டிட்டாங்க. மறுக்காத் தேதி போடுவோம்னாங்க. பாத்துக்கிட்டிருக்கோம்.”

“என்கிட்ட ஏன் சொல்லல? அன்னைக்கு நானாவது கார்ல...”

“அன்னைக்கு ஒங்க காரு எங்களைத் தாண்டித்தாங்க போச்சு. டவுனுக்குத்தான் போனீங்க போல. ஹாரன் கேட்டுச்சு. எறங்கிக் கானுக்குள்ள நின்னோம்.” குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள்.

சகலை நின்றுவிட்டார். நாங்களும் நின்றோம். எதிர் மலையில் அவருடைய சாலை சுற்றிச் சுற்றிப் போவது தெரிந்தது.

“மறு தேதி வந்ததும் எனக்குச் சொல்லு. நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

முத்தம்மா பதறிப் போனாள். “காருலயா? வேணாங்கய்யா! இந்தத் தடவை நாங்க நேரத்துக்குப் போயாகணும்!”

மலை முழுவதும் கேட்கும்படி முதலில் சிரித்தவர் சகலைதான்.

தேதி வந்ததும் சொல்லுவது, முதல் பஸ்ஸில் எல்லாருமாகப் போவது, சாட்சிக்குப் பெரிய கிளாக்கரும் கூட வருவது என்று லயத்து வாசலில் முடிவாயிற்று. அன்றையிலிருந்து நான் இருந்த நாள்வரை சகலை ஆபீசுக்குக் குறுக்குப் பாதையில்தான் போனார். வழியெல்லாம் நின்று நின்று போனார். வீட்டில் சாப்பாடு ஆறியது. ராஜம் மறுபடி சுட வைத்தாள்.

மனைப் படத்தை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். நல்ல கெட்டித் தாள், சமையலறை அலமாரியின் மேல்தட்டுக்கு அளவாக இருந்தது. என் பக்கத்து மனை மேல் இப்போது கொத்தமல்லி டப்பா இருக்கிறது. தங்கை எங்கள் நகருக்கு வரவில்லை, ஆனால் நகர் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது என்று மனைவியிடம் சொல்லலாம் என்று மனசுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன்.

நான் புறப்பட்ட அன்று பெட்டி கனமாக இருந்ததால் கார் வந்தது. ரிப்பேர்காரர் அதற்கு ஏதோ புத்தி சொல்லியிருந்தார். ஓடியது. முகட்டுக்கு முந்திய வளைவில், பனிக்குள் கம்பளிகள் தெரிந்தன. சகலையின் கை ஹாரனுக்குப் போகவில்லை. வேகத்தைக் குறைத்து, ஏறாத கண்ணாடி வழியாகத் தலையை வெளியே நீட்டி, வாய்க்குக் கையைக் குவித்துக் கூவினார்.

“நாந்தான் வர்றேன்! சோமசுந்தரம்!”

ஒருவரும் ஓடவில்லை. குடைகளும் மடங்கவில்லை. மேலே தேயிலைக்குள்ளிருந்து முத்தம்மாவின் குரல் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“தள்ளணுமாங்கய்யா?”